மீன் வருவதற்கு முன்

(பொதுக்காலம் 16ஆம் ஞாயிறு, முதல் ஆண்டு)



இன்றைய நற்செய்தியில் ஆண்டவர் மூன்று உவமைகளைச் சொல்கிறார். வயலில் முளைத்த களைகளைப் பற்றிப் பலமுறை கேட்டிருக்கிறோம். கடுகு விதையை மறைக்கல்வி வகுப்புக் குழந்தைகள்கூட ஒப்பித்துவிடுவார்கள். மூன்றாவது உவமை மிகச் சிறியது, ஒரே மூச்சில் வாசித்துவிடலாம். ஒரு பெண் புளிப்பு மாவை எடுத்து மூன்று மரக்கால் மாவில் கலந்து வைக்கிறார். மாவு முழுவதும் புளித்துப் பொங்குகிறது. கலந்ததற்கும் பொங்கியதற்கும் நடுவில் ஓர் இரவோ அதற்கு மேலோ கழிந்திருக்கும். அந்த நேரத்தில் அந்த மாவுக்குள் என்ன நடந்தது என்பது அந்தப் பெண்ணின் கண்ணுக்குத் தெரியாது. அந்தத் தெரியாத நேரத்தைப் பற்றித்தான் இன்று உங்களோடு பேச வேண்டும் என்று நினைக்கிறேன். அதற்கு ஒரு மீன்தொட்டி துணைக்கு வருகிறது.

நம் பங்கின் இளையோர் சிலருக்கு இப்போது உப்புநீர் மீன்தொட்டியின்மேல் ஆசை வந்திருக்கிறது. ஆரஞ்சும் வெள்ளையுமான அந்தக் கோமாளி மீனை வீட்டுக்குள் வைத்துப் பார்க்க வேண்டும் என்ற ஆசை. "வாசல்ல கடலே கெடக்கு, வீட்டுக்குள்ள எதுக்குக் கடல்?" என்று பெரியவர்கள் சலித்துக்கொள்கிறார்கள். எனக்கோ அந்தப் பிள்ளைகள்மேல் பெரும் மதிப்பு. ஓர் உயிரைத் தன் பொறுப்பில் ஏற்பதற்கு முன் எதையெல்லாம் ஆயத்தம் செய்ய வேண்டும் என்று அவர்கள் கருத்தோடு கற்றுக்கொள்கிறார்கள். மனிதரை நம் நடுவே அழைக்கும்போது நாம் அந்த அளவுக்குக் கவனம் எடுப்பதில்லை.

புதிதாக நிரப்பிய ஒரு தொட்டியைப் பாருங்கள். ஆர்.ஓ. தண்ணீர் பிடித்து, லிட்டருக்கு ஏறத்தாழ 35 கிராம் என்ற கணக்கில் கடல் உப்பைக் கரைத்திருக்கிறார்கள். சூடு சரியாக இருக்கிறது. அடியில் வெள்ளை மணல். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இருப்பவரின் முகம் தெளிவாகத் தெரிகிறது. ஒரு மீனுக்கு இதைவிட நல்ல இடம் வேறு உண்டா என்று தோன்றும். ஆனால் இந்த நீரில் பத்து மீனை ஒன்றாக விட்டால் சில நாள்களில் அவை மேல்மட்டத்துக்கு வந்து வாயைத் திறந்து திறந்து மூடும். செவுள் வெந்துபோய் ஒவ்வொன்றாகச் சாகும். யாரும் நஞ்சு ஊற்றவில்லை. மீன் தின்றது, மூச்சு விட்டது, அவ்வளவுதான். அதன் செவுள் வழியாகவும் கழிவு வழியாகவும் வெளியேறிய அம்மோனியாவே அதைக் கொன்றது. அதிலும் கடல்நீரின் காரத்தன்மை கூடுதல் என்பதால், அம்மோனியாவில் நஞ்சாக இருக்கும் பங்கு அங்கே அதிகம்.

கடலில் ஏன் அப்படி ஆவதில்லை? அங்கே நீர் மிகுதி என்பது ஒரு காரணம். இன்னொன்று, பாறையிலும் மணலிலும் ஒட்டி வாழும் கோடானுகோடி நுண்ணுயிர்கள் இந்த நஞ்சைத் தின்றே வாழ்கின்றன. ஒரு கூட்டம் அம்மோனியாவை நைட்ரைட்டாக மாற்றும். இன்னொரு கூட்டம் நைட்ரைட்டை நைட்ரேட்டாக மாற்றும். நைட்ரேட் பெரிய கேடு செய்யாது. பாசி அதை எடுத்துக்கொள்ளும், அல்லது நாம் அவ்வப்போது தண்ணீரில் ஒரு பகுதியை மாற்றினால் போய்விடும். புதுத் தொட்டியில் எல்லாம் இருக்கிறது, இந்தக் கூட்டம் மட்டும் இல்லை. அந்தத் தெளிவு வெறுமையின் தெளிவு.

இதைக் கேள்விப்பட்ட நாளிலிருந்து நம் கோயிலைப் பற்றி நினைக்காமல் இருக்க முடியவில்லை. நாமும் வெள்ளையடிக்கிறோம், பீடத்துக்குப் புது விரிப்பு வாங்குகிறோம், ஒலிபெருக்கி மாற்றுகிறோம், வாசலில் நல்வரவு என்று எழுதி வைக்கிறோம். எல்லாம் நல்லதுதான். ஆனால் வருகிறவர் தம் துயரத்தோடும் கோபத்தோடும் பழைய கடனோடும் கெட்ட பெயரோடும் வருவார். மனிதர் மூச்சு விடும் இடத்தில் இவையெல்லாம் கரைந்து வரத்தான் செய்யும். அவற்றை வாங்கிக்கொண்டு நஞ்சில்லாமல் ஆக்கும் உயிர் நம்மிடம் இருக்கிறதா? இல்லையென்றால், நம் பங்கு எவ்வளவு சுத்தமாக இருந்தாலும் வருகிறவர் இங்கே மூச்சுத் திணறிப்போவார்.

அந்த நுண்ணுயிர்கள் தாமாக வந்து பெருகவும் செய்யும். ஆனால் அதற்கு நாலு வாரம், ஆறு வாரம், சில சமயம் அதற்கு மேலும் ஆகும். நம் குடலில் வாழும் சில பாக்டீரியா நல்ல சூழலில் இருபது நிமிடத்தில் இரண்டாகிவிடும். தொட்டியின் இந்த உயிர்கள் இரண்டாகப் பெருக அரை நாளோ ஒரு நாளோ அதற்கு மேலோ எடுத்துக்கொள்ளும். அதனால் முன்பெல்லாம் ஒரு வழக்கம் இருந்தது, சில இடங்களில் இன்றும் இருக்கிறது. டாம்செல் என்ற சின்ன நீல மீனை வாங்கி முதலில் விட்டுவிடுவார்கள். அது மலிவு, எதையும் தாங்கும். அதன் கழிவில் தொட்டி பழகிக்கொள்ளும். செவுள் எரிய எரிய அது அத்தனை வாரமும் அங்கே நீந்தும். சில பிழைக்கும், சில பிழைக்காது. தொட்டி தயாரானதும் உண்மையிலேயே ஆசைப்பட்ட விலை உயர்ந்த மீன்கள் வரும், சுகமாக வாழும்.

இந்த இடத்தில் நான் நின்று பேச வேண்டியிருக்கிறது. நம் குடும்பங்களிலும் பங்கிலும் அந்த முதல் மீன் யார்? புகுந்த வீட்டுக்கு வந்த முதல் மருமகள், அந்த வீட்டின் சண்டை முழுவதையும் செவுளில் வாங்கிக்கொண்டு, இரண்டாவது மருமகள் வரும்போது வீட்டைப் பதமாக்கி வைத்திருக்கிறாள். உள்நாட்டு ஊரிலிருந்து உப்பளத்து வேலைக்கு வந்து நம் பங்கில் சேர்ந்த முதல் குடும்பம், திருவிழாக் கூட்டத்தில் பின்வரிசையிலேயே நிறுத்தப்பட்டது. பாடகர் குழுவில் முதன்முதலாகச் சேர்ந்த தலித் பிள்ளை, பக்கத்தில் நிற்கிறவர் ஓரடி விலகி நிற்பதைப் பார்த்துக்கொண்டே அல்லேலூயா பாடியது. தமிழ்நாட்டில் கல்லறைத் தோட்டத்திலும் சாதிச் சுவர் எழுப்பிய வரலாறு நம் திருச்சபைக்கு உண்டு. "முதல்ல கஷ்டமாத்தான் இருக்கும், போகப்போகப் பழகிடும்" என்று இவர்களுக்கு நாம் ஆறுதல் சொல்கிறோம். பழகுவது யார்? தொட்டிதான் பழகுகிறது, மீன் எரிகிறது. நம்மைப் பழக்குவதற்கு இன்னொருவரின் வேதனை தேவைப்படக் கூடாது. நம் எல்லாருக்காகவும் ஒருவர் ஏற்கெனவே அந்த வேதனையைச் சிலுவையில் ஏற்றுவிட்டார்.

வேறு வழி உண்டு. அதற்குத்தான் புட்டியில் அடைத்த பாக்டீரியா. தயிர் உறைய வேண்டுமென்றால் பக்கத்து வீட்டிலிருந்து ஒரு கரண்டி உறைமோர் வாங்கிவருவோம் அல்லவா, அதுபோல் ஏற்கெனவே உயிரோடு இருக்கும் கூட்டத்திலிருந்து ஒரு பகுதியைப் புதுத் தொட்டிக்குத் தருவது. இது நேற்று முளைத்த யோசனை அல்ல. 1877ஆம் ஆண்டு பிரான்ஸ் நாட்டில் ஷ்லோசிங், முன்ட்ஸ் என்ற இரண்டு அறிவியலாளர்கள் மணலும் சுண்ணாம்புக் கல்லும் நிரப்பிய நீண்ட குழாயில் சாக்கடை நீரை மெல்ல மெல்ல இறக்கினார்கள். இருபது நாள் ஒன்றும் நடக்கவில்லை, அம்மோனியா அப்படியே வெளியே வந்தது. அதன்பிறகு நைட்ரேட்டாக மாறி வரத் தொடங்கியது. குளோரோஃபார்ம் ஆவியைச் செலுத்தியபோது அந்த மாற்றம் நின்றுபோனது. ஆவியை நிறுத்திய பின்னும் அது திரும்பவில்லை. நல்ல மண்ணைக் கரைத்த நீரைக் கொஞ்சம் ஊற்றியதும் மறுபடி உயிர் பெற்றது. மணலால் ஆகாதது, சுண்ணாம்புக் கல்லால் ஆகாதது, உயிருள்ள மண்ணிலிருந்து வந்த கொஞ்சம் கலங்கல் நீரால் ஆனது. இன்று கடையில் விற்கும் புட்டிக்கு அதுவே மூதாதை என்று நான் நினைக்கிறேன்.

"கடல்தண்ணியையே ஒரு குடம் மொண்டு ஊத்தினா ஆகாதா சாமி?" என்று நீங்கள் கேட்கலாம். இந்த நுண்ணுயிர்கள் பெரும்பாலும் பாறையிலும் மணலிலும் ஒட்டித்தான் வாழும், மொண்ட நீரில் மிகக் குறைவாகவே வரும். பவளப்பாறையை உடைத்து எடுத்துவரலாம் என்றால், அது 2001 முதல் சட்டப்படி குற்றம். சட்டம் இல்லாவிட்டாலும் அது பாவம். நம் மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளில் இரண்டு இன்று நீருக்குள் இருக்கின்றன. சுண்ணாம்புக்காகப் பவளத்தை வெட்டி வெட்டி எடுத்ததும் அதற்கு ஒரு காரணம். நம் கைகளும் அதில் இருந்தன. ஒரு வீட்டின் அழகுக்காகக் கடலின் வீட்டை இடிக்காமல் புட்டியை வாங்கும் பிள்ளைகளை நான் பாராட்டுகிறேன்.

ஆனால் புட்டியை ஊற்றியதும் வேலை முடிந்தது என்று நினைப்பவர்கள்தான் ஏமாந்துபோகிறார்கள். இந்த உயிர்கள் விதைபோல் உறங்கிக் கிடக்கும் வல்லமை இல்லாதவை. வெயிலில் கிடந்த வண்டியில் வந்து சேர்ந்த புட்டியில் பெரும்பகுதி செத்திருக்கும். உறையும் குளிரும் அவற்றைக் கொல்லும். காலாவதியான புட்டியாலும் பயனில்லை. ஊற்றும்போது நன்றாகக் குலுக்கி, பாறைமேலும் வடிகட்டியிலும் படும்படி ஊற்ற வேண்டும், ஏனென்றால் ஒட்டிக்கொள்ள இடம் வேண்டும். சில நாள் கிருமி கொல்லும் யு.வி. விளக்கையும் கழிவை நுரையாகப் பிரிக்கும் ஸ்கிம்மரையும் நிறுத்தி வைக்க வேண்டும். நீரில் காற்று நிறைந்திருக்க வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, அவற்றுக்குப் பசியாற அம்மோனியா வேண்டும். மீன் இல்லாத தொட்டியில் அம்மோனியா எங்கிருந்து வரும்? தொட்டிக்காரரே அளந்து ஊற்றுகிறார், லிட்டருக்கு 2 மில்லிகிராம் அளவுக்கு. பின்னால் வரப்போகும் மீனின் கழிவை, அந்த மீன் வருவதற்கு முன்பே தன் தொட்டி தாங்கிப் பார்க்கட்டும் என்று அவர் சோதிக்கிறார். உணவு கொடுக்காமல் விட்டால், எத்தனை புட்டி ஊற்றினாலும் அந்தக் கூட்டம் மெலிந்து அழியும்.

நம் கடற்கரையின் நம்பிக்கை வரலாறும் இப்படித்தான். 1535 முதல் 1537 வரை இந்தக் கரையில் ஆயிரக்கணக்கானோர் திருமுழுக்குப் பெற்றார்கள். அதன்பின் அவர்களுக்குக் கற்பிக்க ஆளில்லை. 1542இல் புனித பிரான்சிஸ் சவேரியார் வந்தபோது, தாங்கள் கிறிஸ்தவர்கள் என்பதற்கு மேல் அவர்களுக்கு ஒன்றும் தெரியவில்லை. தண்ணீர் ஊற்றியாயிற்று, பசியாற்றியவர் இல்லை. அவர் செபங்களைத் தமிழாக்கச் செய்து, மணி அடித்துக்கொண்டு தெருவில் நடந்து, பிள்ளைகளைக் கூட்டி வைத்துச் சொல்லிக் கொடுத்தார். ஊருக்கு ஊர் கணக்கப்பிள்ளைகளை அமர்த்தினார். அவருக்குப் பின் வந்த என்றிக்கே என்றிக்கஸ் அடிகளார் ஏறத்தாழ அரை நூற்றாண்டு இந்தக் கரையில் உழைத்தார். 1578இல் அச்சான அவருடைய தம்பிரான் வணக்கம்தான் தமிழ் எழுத்தில் அச்சேறிய முதல் நூல். இன்று நாம் இங்கே உட்கார்ந்திருப்பது அந்தத் திருமுழுக்கினாலும்தான், அதற்குப் பின் வந்த அத்தனை ஆண்டு உழைப்பினாலும்தான். குழந்தையைத் தொட்டிக்குக் கொண்டுவந்து திருமுழுக்குக் கொடுத்துவிட்டு, உறுதிபூசுதல் வரை கோயில் பக்கம் வராத பெற்றோரே, ஞானப்பெற்றோரே, இதை உங்களுக்காகத்தான் சொல்கிறேன். அருள் கொடையாக வருகிறது. அது ஒட்டிக்கொள்ள ஒரு வீடும், தின்று வளர அன்றாடம் ஓர் அன்புப் பணியும் நாம் தர வேண்டும். பசித்தவரும் நோயாளியும் இல்லாத பக்தியில் அது நிலைப்பதில்லை.

அண்மையில் ஒரு வீட்டை மந்திரிக்கப் போயிருந்தேன். அந்த வீட்டுப் பையன் வரவேற்பறைத் தொட்டி முன் உட்கார்ந்து சோதனை செய்துகொண்டிருந்தான். விரல் நீளக் கண்ணாடிக் குழாயில் கோடுவரை தொட்டி நீர். இரண்டு குப்பிகளிலிருந்து எண்ணி எண்ணிச் சொட்டு விட்டான். மூடிக் குலுக்கினான். ஐந்து நிமிடம் காத்திருந்து, வெள்ளை அட்டையில் அச்சிட்ட நிறங்களின் பக்கத்தில் வைத்துப் பார்த்தான். மஞ்சளாக இருந்தால் அம்மோனியா இல்லை, பச்சையானால் இருக்கிறது. வெளிர்பச்சை. "இன்னும் மிச்சம் இருக்கு ஃபாதர். நேத்து ஊத்தினது இன்னைக்கு மஞ்சளாகணும். அப்புறம்தான் மீன்" என்றான். அவன் தங்கை, நீமோ என்ற அந்தக் கோமாளி மீன் எப்போது வரும் என்று அவன் தோளைப் பிடித்து ஆட்டிக்கொண்டிருந்தாள். பாட்டி அடுப்படியிலிருந்து, "வெறும் தண்ணிக்கு எதுக்குய்யா ராவும் பகலும் கரண்டு?" என்றார். அவன் குழாயைக் கழுவிக் கவிழ்த்து வைத்துவிட்டு, "வெறும் தண்ணி இல்ல பாட்டி" என்று மட்டும் சொன்னான்.

அந்தச் சோதனையை நம் அன்பியங்களுக்கு வைத்துப் பார்ப்போம். கூட்டத்தில் ஒருவர் காட்டமாக ஒரு வார்த்தை சொல்லிவிடுகிறார். அது மறுநாளுக்குள் கரைகிறதா? பல தெருக்களில் அது தலைமுறைக்கும் கரையாமல் நிற்கிறது. அப்பாக்கள் பேசிக்கொள்ளாததால் பேரப்பிள்ளைகளும் பேசிக்கொள்வதில்லை. அந்த நீருக்குள் நாம் புதியவர்களை அழைக்கிறோம்.

நஞ்சைக் கரைக்கிறவர்கள் நம்மிடையே இல்லாமல் இல்லை. கேட்டதை நாலு பேரிடம் கொண்டுபோகாமல் தன்னோடு நிறுத்திக்கொள்கிறவர்கள், சண்டைபோட்ட இரண்டு வீட்டுக்கும் மாறி மாறிப் போய்வருகிறவர்கள். கல்வெட்டில் அவர்கள் பெயர் வருவதில்லை. தொட்டியிலும் அப்படியே நடந்திருக்கிறது. நைட்ரைட்டை மாற்றும் வேலையை நைட்ரோபாக்டர் என்ற பாக்டீரியா செய்வதாகவே நெடுங்காலம் எல்லாப் புத்தகமும் சொல்லிவந்தது. 1998இல் டிமோத்தி ஹோவானெக்கும் அவரோடு ஆய்வு செய்தவர்களும் நன்னீர்த் தொட்டிகளை ஆராய்ந்தபோது, அங்கே அந்த வேலையில் இருந்தது நைட்ரோஸ்பைரா என்ற வேறொரு வகை. அத்தனை காலமும் நன்றி வேறொரு பெயருக்குப் போய்க்கொண்டிருந்தது, வேலை மட்டும் நிற்கவே இல்லை. இன்றைய இரண்டாம் வாசகத்தில் புனித பவுல் சொல்லும் தூய ஆவியார், நம்மால் சொல்ல முடியாததையும் நமக்காக மன்றாடுகிறவர். உள்ளங்களை ஆராயும் இறைவன் அந்த மன்றாட்டை அறிந்திருக்கிறார். பெயர் வராமல் நஞ்சைக் கரைக்கும் உங்களையும் அவர் அறிந்திருக்கிறார், அம்மா, ஐயா.

களைகளின் உவமைக்கும் தொட்டியில் ஒரு பாடம் இருக்கிறது. தண்ணீர் தயாராகி, முதல் மீனும் வந்து, எல்லாரும் மகிழ்ந்திருக்கும் வேளையில் மணல்மேல் பழுப்பாக ஒரு படலம் படியும். அடுத்துச் செந்நிறமாக வழவழவென்று ஒன்று, அதற்கு அடுத்துப் பச்சை இழைகள். புதுத் தொட்டிகளில் பெரும்பாலும் வரும் பருவம் இது. தண்ணீர் கெட்டுவிட்டது என்று பதறி, பாறையையெல்லாம் வெளியே எடுத்து, குழாய்த் தண்ணீரிலும் பிளீச்சிங் பவுடரிலும் தேய்த்துக் கழுவுகிறவர்கள் உண்டு. அழுக்கு போய்விடும், அதோடு அத்தனை வாரம் வளர்ந்த நல்ல உயிரும் போய்விடும். மீண்டும் முதல் நாளின் வெறும் தெளிவு. அந்த வயலின் உரிமையாளர் பணியாளர்களைத் தடுத்தது இதற்காகத்தான். களை வேண்டும் என்பதற்காக அவர் பொறுக்கவில்லை, கோதுமையை இழக்க மனமில்லாமல் பொறுத்தார். முதல் வாசகத்தில் சாலமோனின் ஞானம் காட்டும் கடவுளும் அப்படியே. ஆற்றல் முழுவதும் அவர் கையில் இருந்தும் கனிவோடு தீர்ப்பிடுகிறார், மனம் மாற நேரம் தருகிறார்.

போதை மறுவாழ்வு மையத்திலிருந்து திரும்பிய பிள்ளை மறுபடி ஒருநாள் விழுந்துவிட்டால், "இவன் திருந்த மாட்டான்" என்று வாசலைச் சாத்தாதீர்கள். அது பழுப்புப் படலமாக இருக்கலாம். மணலுக்கு அடியில் என்ன வளர்கிறது என்று நமக்குத் தெரியாது. பொறுப்பது என்றால் சும்மா இருப்பதும் அல்ல. தொட்டிக்காரர் அந்தப் பருவத்திலும் விளக்கு நேரத்தைக் குறைக்கிறார், தீனியைக் குறைக்கிறார், கொஞ்சம் நீரை மாற்றுகிறார், படலத்தைக் குழாயால் உறிஞ்சி எடுக்கிறார். நஞ்சு ஏறினால் மீனைக் காப்பாற்ற உடனே கை வைக்கிறார். ஒரு பிள்ளைக்கோ பெண்ணுக்கோ வீட்டுக்குள் தீங்கு நடக்கும்போது, களையைப் பிடுங்கக் கூடாது என்று இந்த உவமையைச் சொல்லி மூடி மறைப்பவர்கள் ஆண்டவரின் வார்த்தையைத் தவறாகக் கையாளுகிறார்கள். அந்த வேளையில் காப்பாற்றுவதுதான் நம் கடமை.

அடுத்த ஞாயிறு திருப்பலியில் நம் பங்கில் சேர வந்திருக்கும் புதிய குடும்பங்களை உங்கள்முன் அழைக்கவிருக்கிறோம். சிலர் வேலைக்காக வந்தவர்கள், சிலர் இப்போதுதான் நம்பிக்கைக்கு வந்தவர்கள். அதற்கு முன் ஒரு வாரம் நம் கையில் இருக்கிறது. அன்பியத் தலைவர்களிடம் ஒரு வேண்டுகோள்: வரவேற்புப் பதாகை இந்த முறை வேண்டாம். உங்கள் தெருவில் பேச்சுவார்த்தை அற்றுப்போன இரண்டு வீடுகள் எவை என்று உங்களுக்குத் தெரியும். புதன்கிழமை செபக் கூட்டத்தை அந்த இரண்டில் ஒரு வீட்டில் வையுங்கள், மற்ற வீட்டாரை நீங்களே போய்க் கூட்டிவாருங்கள். யாரும் வரவில்லை என்றால் என்னைக் கூப்பிடுங்கள், நானும் வருகிறேன். பாடகர் குழுவும் பீடச்சிறார் குழுவும் இந்த வாரமே புதிய பிள்ளைகளின் பெயரைக் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள், எந்தத் தெரு என்ற கேள்வி வேண்டாம். திருவிழாக் குழுவில் பின்வரிசை என்று ஒன்று இனி இருக்காது என்பதைப் பங்குப் பேரவை சார்பில் இப்போதே சொல்லிவிடுகிறேன்.

எழுந்து நின்று நம் நம்பிக்கையை அறிக்கையிடுவோம்.